வீணானது பூஜ்யம்

நோட்டீஸ் கூரைக்கு வந்திருந்தது. வீட்டுக்கு இல்லை, வீட்டில் குடியிருக்கிறவர்களுக்கும் இல்லை. பெறுநர் என்ற இடத்தில் பதினாலு இலக்க எண் ஒன்று. அதற்குக் கீழே, 'காற்றாலை இறக்கை, நடுப்பகுதி, இரண்டாம் பயன்பாடு.' தங்களை மூன்றாம் பயன்பாட்டுக்கு அழைத்துக்கொள்வதில் நித்தியசக்கரம் நிறுவனம் மகிழ்ச்சி அடைகிறது என்று கூரையைப் பார்த்து அத்தனை மரியாதையாக எழுதியிருந்தார்கள். மனுஷருக்கென்று கடைசியில் ஒரே ஒரு வரி. 'பொருளின் தற்போதைய வைத்திருப்பாளர் ஏழு நாட்களுக்குள் ஒத்துழைக்கவும்.'

மாடத்தி வாசலில் நின்றபடியே அதை ரெண்டு தடவை வாசித்தாள். பதினைந்து வருஷமாக இந்தக் கூரைக்குக் கீழே சோறு பொங்கியிருக்கிறாள், சண்டை போட்டிருக்கிறாள், ஒரு பெண்ணை வளர்த்துக் கட்டிக்கொடுத்து அனுப்பியிருக்கிறாள். இத்தனைக்கும் பிறகு அவள் வைத்திருப்பாளராம்.

"என்னட்டி அது?" என்று உள்ளேயிருந்து கொம்பையா கேட்டார். அவளுடைய புருஷன். படுத்தால் மூச்சு முட்டும் என்பதால் தலையணைகளை முட்டுக்கொடுத்துக் கட்டிலில் உட்கார்ந்தபடியே பொழுதைப் போக்குகிறவர். மூக்கில் குழாய், கட்டிலுக்கு அடியில் விடாமல் முனகும் மூச்சு மெஷின்.

"கூரைக்குக் கடுதாசி வந்திருக்கு. கம்பெனியில கூப்பிடுதாவளாம்."

"எதுக்கு, கல்யாணத்துக்கா?"

"காடித் தொட்டிக்கு."

கொம்பையா அண்ணாந்து பார்த்தார். வளைந்த உட்கூரையில், கட்டிலுக்கு நேர் மேலே, 'கொம்பையா, ஆனி 12' என்று கீறியிருந்தது. அந்த இறக்கையை வெட்டிக் கூரையாக்கியவரே அவர்தான். வெட்டி முடித்ததும் வெட்டியவன் தன் பேரை உள்பக்கம் கீறிவைப்பது இறக்கை வெட்டுகிறவர்களின் வழக்கம். மேலே பார்த்துச் சிரிக்கப் போனவருக்கு இருமல் வந்துவிட்டது. அது அடங்கக் கால் மணி நேரம் ஆனது.

ஆரல்வாய்மொழிக் கணவாயிலிருந்து வீசுகிற காற்று பணகுடிப் பொட்டலில் எங்கே இறங்குமோ, அங்கே இருக்கிறது அந்தக் காலனி. நூற்றுப்பன்னிரண்டு வீடுகள். சர்க்கார் பதிவில் அதற்கு 'வட்ட வாழ்வு நகர்' என்று பேர். ஊர் வாயில் றெக்கை காலனி. பழைய காற்றாலைகளைப் பிடுங்கிவிட்டு, அவற்றைப்போல மூன்று மடங்கு உயரத்தில் புதுசு நடுவதற்காகக் கம்பெனி நிலத்தை எடுத்தபோது, அங்கேயிருந்தவர்களை இங்கே கொண்டுவந்து வைத்தது. பிடுங்கிய காற்றாலைகளின் இறக்கைகளை வெட்டியே கூரை போட்டது. எந்தப் பொருளும் வீணாகவில்லை என்று மேடை போட்டுப் பேசினார்கள். மனுஷரைப் பற்றி அந்த மேடையில் யாரும் பேசியதாக மாடத்திக்கு ஞாபகம் இல்லை.

கம்பெனியின் மறுபயன் தளம் காலனியிலிருந்து நடந்து போகிற தூரம்தான். மாடத்தி அங்கே காடித் தொட்டிக்கு மேஸ்திரி. இறக்கை என்பது கண்ணாடி நூல் துணியைப் பசையில் தோய்த்துக் கெட்டியாக்கிய பொருள். அந்தப் பசை கல் மாதிரி இருக்கும், ஆனால் காடி என்கிற சூடான அமிலத்தில் மூன்று நாள் ஊறினால் கரைந்து விலகிவிடும். துணி தனியாக, பசை தனியாக எடுத்து, புது இறக்கை செய்ய அனுப்புவார்கள். ஒன்பது வருஷமாக அதுதான் அவள் வேலை. தள வாசலில் ஆளுயர எழுத்தில் ஒரு மின்பலகை உண்டு. 'இன்றுவரை வீணானது: 0 கிலோ.' தினம் அதைப் பார்த்துக்கொண்டுதான் உள்ளே போவாள். முதல் வருஷம் அதில் அவளுக்குப் பெருமைகூட இருந்தது.

நோட்டீஸைக் கையில் சுருட்டிக்கொண்டு நேரே மேலாளர் அறைக்குப் போனாள். சௌந்தருக்கு முப்பத்திரண்டு வயசு, பட்டணத்தில் படித்தவன். வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத முகம். அந்த முகத்தை வைத்துக்கொண்டே நினைத்ததையெல்லாம் சாதித்துவிடுவான்.

"உக்காருங்கக்கா. டீ சொல்லட்டுமா?"

"டீ கெடக்கட்டும். கூரைய எதுக்கு சார் கேக்கீய?"

"நாங்க கேக்கலக்கா, விதி கேக்குது. புது இறக்கைல பாதிக்கு மேல பழைய பொருள் இருக்கணும்னு போன வருஷம் கொண்டுவந்துட்டாங்க. செத்த இறக்கை எல்லாம் தீந்துபோச்சு. இப்ப எங்ககிட்ட மிச்சம் இருக்கிற ஒரே இருப்பு உங்க காலனிதான்."

"இருப்பா? அது வீடுல்லா!"

"உங்களுக்கு வீடு. பதிவுல உறங்கும் இருப்பு." அதைச் சொல்லும்போது அவனுக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்திருக்க வேண்டும். பேனாவைத் திறந்து மூடினான்.

"நெலத்த எடுக்கும்போது வீடு எங்களுக்குத்தான் சொந்தம்னு சொன்னாவளே?"

"சுவர், தரை, வாசக்கால் எல்லாம் சொந்தம்தான். கூரையை மட்டும் பயன்பாட்டுக்குத் தந்திருக்கு. சுற்றுப் பொருள் சட்டப்படி ஒரு பொருளைச் செஞ்சவன்தான் என்னைக்கும் அதுக்கு உரிமைக்காரன். அதை விக்கவும் முடியாது, தூக்கிப் போடவும் முடியாது. திரும்பத் திரும்ப எடுத்து உபயோகிச்சே ஆகணும். நல்ல சட்டம்க்கா. இல்லேன்னா இந்தப் பொட்டல் பூரா குப்பைமேடா கெடக்கும்."

"எடுத்துச் செய்ய முடியாத மாதிரி கெட்டுப்போனா?"

"மீட்க முடியாததுன்னு பதிவாகும். அப்புறம் யார் கையில இருக்கோ அவங்களுக்குச் சொந்தம். ஆனா எங்க கம்பெனில அப்படி ஒண்ணுகூட நடந்ததில்ல." ஜன்னல் வழியே வாசல் பலகையைக் காட்டினான். "அந்தப் பலகையை நான் நெனச்சாலும் மாத்த முடியாது, முதலாளி நெனச்சாலும் முடியாது. மேலதிகாரிங்க புளுகிடக் கூடாதுன்னுதான் தொட்டில கை வைக்கிற மேஸ்திரி கைரேகையைக் கேக்குறாங்க. உங்க பெருவிரல்தான் அதுக்குச் சாவி."

"சரி, கூரைய எடுத்துட்டு எங்களுக்கு என்னத்தப் போடுவீய?"

"பொங்கலுக்குள்ள தகரம் வந்துடும். அதுவரைக்கும் தார்ப்பாய். நல்ல கனமான தார்ப்பாய்க்கா."

"ஐப்பசி மழைக்குத் தார்ப்பாயா? எங்க வீட்டுல மூச்சு மெஷின் ஓடுது சார். ஈரம் பட்டா அந்த மனுஷனுக்கு நெஞ்சு கட்டிக்கிடும்."

"தெரியும்க்கா. அதனாலதான் சொல்றேன், முதல் வரிசைல உங்க கூரையைக் குடுத்துடுங்க. தகரமும் உங்களுக்குத்தான் முதல்ல வரும். மேஸ்திரியே குடுத்துட்டாங்கன்னா மத்தவங்களும் முரண்டு பண்ண மாட்டாங்க."

மாடத்திக்கு உள்ளங்காலில் ஏறிய சூடு உச்சந்தலை வரை போனது.

"அவரு நெஞ்சுல கெடக்குத கண்ணாடித் தூளு ஒங்க இறக்கைய வெட்டுனதுல போனது. முப்பத்தோரு பேரு முகத்துல ஒரு துண்டக் கட்டிக்கிட்டு, தண்ணி ஊத்தாம ஒலர்வா அறுத்தாவ. பத்தொம்பது பேரு போய்ச் சேந்துட்டாவ. அந்தத் தூளுக்கு நம்பர் போட்டிருக்கியளா சார்? அதையும் திருப்பிக் கேப்பியளா?"

"அது நான் வர்றதுக்கு முன்னாடி நடந்ததுக்கா."

எல்லாமே இவர்கள் வருவதற்கு முன்னாடி நடந்ததுதான். இவனுக்கு முன்னால் இருந்தவனும் இதையேதான் சொன்னான். செய்தவன் ஒருவனைக்கூட அந்த நாற்காலியில் அவள் பார்த்ததில்லை.

எழுந்தபோது சுவரில் ஒரு படம் கண்ணில் பட்டது. பொங்கல் விழா. சௌந்தர் வேட்டியை மடித்துக் கட்டி, காலனிக் கூரை ஒன்றின் மேல் சுண்ணாம்பு மட்டையோடு பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். வருஷாவருஷம் பொங்கலுக்கு வீட்டுக்கு ஒரு மூட்டை சுண்ணாம்பு கொடுப்பது கம்பெனியின் பெருந்தன்மை. வெயிலுக்குக் குளிர்ச்சி என்று ஜனங்களும் கருப்பட்டித் தண்ணீர் கலந்து, ஒட்டிப் பிடிக்கிற மாதிரி கூரை மேல் பூசுவார்கள். பதினாலு பொங்கலுக்குப் பதினாலு பூச்சு.

"ஒண்ணு சொல்லுதேன் கேட்டுக்கிடுங்க. அந்தக் கூரையில சுண்ணாம்பு ஏறியிருக்கு. காடிக்கும் அதுக்கும் ஆவாது."

"மேல் அழுக்குதானேக்கா? கழுவிட்டுப் போட்டுக்கலாம்."

ஒரு தடவை சொல்லியாயிற்று. இரண்டாம் தடவை சொல்ல அவளுக்கு என்ன தலையெழுத்தா? கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டாள். நோட்டீஸில் கையெழுத்தும் போடவில்லை.

எட்டாம் நாள் காலையில் அவள் தொட்டியடியில் நின்றபோது தள வாசலில் கூச்சல் கேட்டது. பக்கத்து வீட்டு ஜெபக்கனி, தலைமுடி அவிழ்ந்து தொங்க, காவலாளியை ஒரு கையால் தள்ளிக்கொண்டு நின்றாள். காலனியில் எதற்கும் முதல் ஆளாக வாயைத் திறக்கிறவள் அவள்தான்.

"மாடத்தி! கிரேன் கொண்டாந்துட்டானுவ. முதல் வரிசையில ஆறு வீடு. ஒன் வீட்டுலதான் முதல்ல கைய வச்சானுவ."

மாடத்தி ஓடினாள். வீட்டின் நாலு சுவரும் அப்படியே நின்றன. அடுப்பு, அலமாரி, காலண்டர் எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. மேலே மட்டும் வானம். கட்டிலில் கொம்பையா முட்டுக்கொடுத்த தலையணையோடு உட்கார்ந்திருந்தார், முகத்தில் வெயில் சுளீரென்று அடித்தது. வேலை செய்ய வந்தவர்கள் அவரைத் தூக்கி வெளியில் வைக்கக்கூடப் பயந்து, அவர் மேல் ஒரு போர்வையைப் போர்த்திவிட்டு, தலைக்கு மேலேயே வேலையை முடித்திருக்கிறார்கள். தார்ப்பாய் மடிப்புக்கூடப் பிரிக்காமல் வாசலில் கிடந்தது.

"கையெழுத்து இல்லாம எப்படிக் கழத்துனானுவ?"

"வைத்திருப்பாளர் ஒத்துழைக்கலன்னா கையெழுத்து வேண்டாமாம். பின்பக்கத்துல பொடி எழுத்துல போட்டிருக்காம்." ஜெபக்கனி காறித் துப்பினாள்.

கொம்பையா மெதுவாகச் சொன்னார்: "நான் ஒண்ணும் சொல்லலட்டி. எம்பேரு மேல போகும்போது பாத்துக்கிட்டே இருந்தேன். எழுத்து இன்னும் அழியல."

மாடத்திக்கு அழுகை வரவில்லை. அழுகை வந்திருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். கிரேன் போன திசையைப் பார்த்து, வாயில் வந்ததையெல்லாம் உரக்கச் சொன்னாள். காலனிப் பெண்கள் சுற்றி நின்று கேட்டார்கள். சிலர் தங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்துக்கொண்டார்கள்.

அன்று சாயந்திரமே மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாய் ரெண்டு மணி நேரம் தாங்கியது. பிறகு நடுவில் குளம் கட்டி ஒரு பக்கமாகச் சரிந்தது. கொம்பையாவை நாற்காலியோடு தூக்கி ஜெபக்கனி வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். அதற்குள் அவர் நனைந்துவிட்டார். உதடு நீலம் பாரித்துப்போயிருந்தது. மெஷினில் காற்றின் அளவைக் கூட்டி வைத்தார்கள். ஜெபக்கனி வீட்டுக்கு நோட்டீஸ் தேதி அடுத்த செவ்வாய்.

ஆறு கூரைகளும் தளத்துக்கு வந்து, கழுவி, தொட்டிக்கு அருகே அடுக்கியாகிவிட்டது. இறக்குவதற்கு முன் ஒவ்வொரு பொருளின் பதிவையும் மேஸ்திரி திறந்து பார்க்க வேண்டும். தொழிலாளிகள் அதை ஜாதகம் என்பார்கள். எங்கே பிறந்தது, எந்த மலையில் சுற்றியது, எத்தனை எடை, எத்தனை வெட்டு என்று எல்லாம் இருக்கும். மாடத்தி தன் வீட்டுக் கூரையின் ஜாதகத்தைத் திறந்தாள்.

வெட்டும் முன் எடை 412 கிலோ. கூரை 374 கிலோ. அதற்குக் கீழே, அவள் இதுவரை வேறு எந்தப் பொருளிலும் பார்த்திராத ஒரு வரி. 'வெட்டுத் தூள் 38 கிலோ. நிலை: பயன்பாட்டில் உள்ளது. இடம்: குறிப்பிடப்படவில்லை.'

மற்ற ஐந்தையும் திறந்தாள். ஒவ்வொன்றிலும் அதே முப்பத்தெட்டு. அதே வரி. காலனி முழுவதையும் திறந்து பார்த்தாள். நூற்றுப்பன்னிரண்டிலும் அதுதான். மேஸ்திரி கைரேகை கேட்கும் விதி வருவதற்கு முந்தைய பதிவு. குளிர் அறையில் உட்கார்ந்து எவனோ ஒருவன் கணக்கை நேராக்கியிருக்கிறான். தூள் எங்கே போயிற்று என்று எழுதினால் பலகையில் பூஜ்யம் நிற்காது. அதனால் பயன்பாட்டில் உள்ளது என்று போட்டுவிட்டான்.

பத்தொன்பது பேருக்கு மாடத்தி போய் மாலை போட்டிருக்கிறாள். கடைசி மாசங்களில் அவர்கள் வீட்டுக்குப் போனால் வாசலிலேயே அந்த மூச்சுச் சத்தம் கேட்கும், ஓட்டை விழுந்த சைக்கிள் பம்பை அடிக்கிற மாதிரி. பயன்பாட்டில் உள்ளதாம். திரையை உடைத்துவிட்டு வேலையை விட்டுப் போய்விடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. பிறகு தன் பெருவிரலைப் பார்த்துக்கொண்டாள். வேலையை விட்டுப் போனால் இந்த விரலையும் கொண்டுபோக வேண்டியிருக்கும்.

"இறக்கட்டுமா மேஸ்திரி?" என்று கிரேன் ஓட்டுபவர் கேட்டார்.

"இறக்கும்."

ஆறும் காடிக்குள் இறங்கின. இரண்டு நிமிஷம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு தொட்டி பூராவும் சிறுசாகக் கொப்புளம் விட்டது. பிறகு நுரை கிளம்பியது. உலை பொங்குகிற மாதிரி பொங்கி, விளிம்பைத் தாண்டி, தரையெல்லாம் ஓடி, படிக்கட்டில் இறங்கியது. தொழிலாளிகள் சிரிப்பும் கூச்சலுமாக மேலே ஏறி நின்றார்கள். சௌந்தர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி ஓடிவந்தான், நுரை அவன் பேன்ட் முழங்கால் வரை ஏறியது.

"என்னக்கா இது?"

"ஒங்க பொங்கல் பரிசு சார்."

மூன்றாம் நாள் தொட்டியைத் திறந்தபோது காடி பச்சைத் தண்ணீர் மாதிரி செத்துக் கிடந்தது. பதினாலு வருஷச் சுண்ணாம்பு அதன் புளிப்பு பூராவையும் குடித்துவிட்டது. பசை பாதிதான் விட்டிருந்தது. விட்ட இடத்தில் இருந்த துணியை மாடத்தி கையில் எடுத்தாள். நூல் நூலாகப் பொடிந்து விரலிடுக்கில் உதிர்ந்தது.

"மேல் பூச்சைச் சுரண்டிட்டு மத்த கூரைங்களைப் போட்டா?" என்றான் சௌந்தர். அவன் குரலில் பழைய வழவழப்பு இல்லை.

"ஒலர்வா சுரண்டக் கூடாது. அது சட்டம். யாரு செத்து வந்த சட்டம்னு ஒங்களுக்குத் தெரியும்."

"தண்ணி ஊத்திச் சுரண்டலாமே?"

"கருப்பட்டி போட்டுப் பூசுனது சார். வெட்டு வாயி வழியா நூலுக்குள்ள எறங்கிட்டு. சுரண்டுனா சுண்ணாம்போட நூலும் வரும். நான் ஒங்ககிட்ட முதல்லயே சொன்னேன். அழுக்குன்னீய."

சௌந்தர் போனை எடுத்தான். தலைமை அலுவலகத்தோடு ரெண்டு நாள் பேசிக்கொண்டிருந்தான். மூன்றாம் நாள் காலை, தளத்து அலுவலகத்தில், திரையை அவள் பக்கம் திருப்பி வைத்தான். முகத்தில் அந்தச் சிரிப்பு திரும்பியிருந்தது.

"நல்ல சேதிக்கா. நூத்தியாறு கூரையும் அங்கேயே இருக்கட்டும்னுட்டாங்க. யார் வீட்டையும் தொட மாட்டோம். நீங்க செய்ய வேண்டியது ஒண்ணுதான். எல்லாத்துக்கும் 'பயன்பாட்டில் உள்ளது'ன்னு ரேகை வச்சிருங்க."

"தொட்டியில கெட்டுப்போன ஆறு?"

"அதுக்கும் அதையே போட்டுடலாம். பூச்செடிக்கு அடியில கொட்டினா அதுவும் பயன்பாடுதான்."

"நாளைக்குச் சுண்ணாம்ப எடுக்குறதுக்கு ஒரு மருந்து வந்தா?"

சௌந்தர் மேஜையைப் பார்த்தான். "அது பிற்பாடு பாத்துக்கலாம்க்கா."

"மறுபடியும் கூரைக்குக் கடுதாசி வரும்."

"அக்கா, நான் உங்களுக்காகத்தான் பேசினேன். மீட்க முடியாததுன்னு ஒண்ணு பதிவானாலே அந்தப் பலகை மாறிடும். சான்றிதழ் போயிடும். தளத்தையே மூடிடுவாங்க. உங்க வேலை, என் வேலை, இருநூறு பேர் வேலை. யோசிச்சுப் பாருங்க."

அவள் யோசித்துப் பார்த்தாள். அவன் சொன்னதில் பொய் இல்லை என்பதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. இருநூறு பேரில் அவளும் ஒருத்தி, வெளியே நிற்கிற கிரேன் ஓட்டுபவரும் ஒருவர். இப்படி யாராவது ஒருவரின் சோற்றைக் காட்டித்தான் ஒவ்வொரு தடவையும் வாயை மூட வைத்திருக்கிறார்கள். அந்த முப்பத்தோரு பேரும் அன்றைக்கு முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு பேசாமல் அறுத்ததும் இதே சோற்றுக்காகத்தான்.

"நாளைக்குக் காலையில வைக்கேன்," என்றாள்.

சௌந்தர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான்.

வீட்டுக்குப் போனதும் ஜெபக்கனியிடம் ஒரு நோட்டைக் கொடுத்தாள். "வீடு வீடாப் போ. எல்லாரையும் அண்ணாந்து பாக்கச் சொல்லு. கூரையில என்ன பேரு கீறியிருக்குன்னு எழுதிக்கிட்டு வா. கூரை போன ஆறு வீட்டுக்காரவளுக்கும் மனப்பாடமா இருக்கும், கேளு."

"எதுக்குட்டி?"

"சொல்லுதேன். முதல்ல எழுதிட்டு வா."

ஜெபக்கனி போனாள். பொழுது சாய்வதற்குள் காலனி பூராவும் ஆட்கள் தங்கள் வீட்டு நடுவில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதினைந்து வருஷம் அந்தப் பேர்களுக்குக் கீழே படுத்து எழுந்தவர்கள், அன்றைக்குத்தான் வாய்விட்டு வாசித்தார்கள். பூலுடையார். அந்தோணிமுத்து. மந்திரம். சப்பாணிமுத்து. தங்கள் அப்பா பேர் எவன் வீட்டுக் கூரையில் இருக்கிறது என்று தேடிக்கொண்டு சிலர் வந்தார்கள். ஒரு பெண் அடுத்த தெருவில் கண்டுபிடித்து, ஸ்டூல் போட்டு ஏறி, கையால் தொட்டுப் பார்த்தாள்.

ஜெபக்கனி வீட்டுச் சுவரோரம் சாய்ந்திருந்த கொம்பையாவுக்கு மாடத்தி விஷயத்தைச் சொன்னாள். அவர் மூச்சைச் சேர்த்துக்கொண்டு பேசினார்.

"தளத்த மூடிட்டா ஊரு ஒன்னைத் திட்டுமே?"

"திட்டட்டும்."

"எம்பேரக் கடைசியாப் போடு. மத்தவனுவ எனக்கு முந்திப் போனவனுவ."

மறுநாள் காலை முதல் ஷிப்ட். மாடத்தி திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். ஜன்னலுக்கு வெளியே காலனிச் சனம் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றது, ஜெபக்கனி எல்லாருக்கும் முன்னால். சௌந்தர் பின்னால் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

முதல் கூரையைத் திறந்தாள். நிலை என்ற இடத்தில், 'மீட்க முடியாது.' பெருவிரலை வைத்தாள்.

"அக்கா!"

அடுத்தது. அதற்கடுத்தது. சௌந்தர் திரையை அணைக்கக் கையை நீட்டினான். கிரேன் ஓட்டுபவர் கதவடியில் வந்து நின்று அவனைப் பார்த்தார். கை பின்வாங்கியது. அவன் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான். பாவம், அவனும் யாருக்கோ பதில் சொல்ல வேண்டியவன்தான். மாடத்திக்கு அன்றைக்கு அவன்மேல் பரிதாபப்பட நேரம் இல்லை.

ஒவ்வொரு ரேகைக்கும் திரையில் பச்சை எழுத்தில் ஒரு வரி வந்தது. 'இந்தப் பொருள் இனி வைத்திருப்பாளருக்கே சொந்தம். வாழ்த்துகள்!' நூற்றுப்பன்னிரண்டு தடவை அந்த வாழ்த்து வந்தது. வெளியே சேதி பரவி வேலியோரம் ஆரவாரம் எழுந்தது. ஜெபக்கனி தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு, வாசல் பலகையைப் பார்த்துக் கையைக் காட்டிக் கத்தினாள். பூஜ்யம் போய்விட்டது. 'இன்றுவரை வீணானது: 41,888 கிலோ.'

"போதும், வாட்டி!" என்று கூப்பிட்டார்கள்.

மாடத்தி எழுந்திருக்கவில்லை. ஜெபக்கனியின் நோட்டை எடுத்து மடியில் விரித்துக்கொண்டு, முதல் கூரையின் பதிவில் கீழே இருந்த மற்ற வரியைத் திறந்தாள். வெட்டுத் தூள், 38 கிலோ. 'பயன்பாட்டில் உள்ளது' என்பதை அழித்தாள். 'மீட்க முடியாது.' இடம் கேட்டது. 'நெஞ்சு' என்று அடித்தாள். முப்பத்தெட்டுக் கிலோவும் நெஞ்சுக்குள் போகவில்லை என்று அவளுக்குத் தெரியும். முக்கால்வாசி காற்றோடு போயிருக்கும், கொஞ்சம் குளத்தில் படிந்திருக்கும். ஆளைக் கொல்ல ஒரு சிட்டிகை போதும். வைத்திருப்பாளர் பேர் கேட்டது. பூலுடையார் என்று அடித்தாள். அந்தோணிமுத்து. மந்திரம். சப்பாணிமுத்து. பத்தொன்பது பேருக்கு இப்போது நெஞ்சு கிடையாது, மண்தான். ஆனாலும் அடித்தாள்.

வேலியோரம் மெல்ல மெல்லச் சத்தம் குறைந்தது. பலகையில் எண் முப்பத்தெட்டு முப்பத்தெட்டாக ஏறுவதை எல்லாரும் பார்த்தார்கள். எது ஏறுகிறது என்று ஜெபக்கனிக்குப் புரிந்தபோது, அவள் பக்கத்தில் நின்றவர்களுக்குச் சொன்னாள். அவர்கள் பின்னால் நின்றவர்களுக்குச் சொன்னார்கள்.

கடைசியாகத் தன் வீட்டுக் கூரை. இடம், நெஞ்சு. வைத்திருப்பாளர், கொம்பையா. பெருவிரலை வைத்தாள். பலகை 46,144 கிலோவில் நின்றது.

திரையில் பச்சை எழுத்து வந்தது. 'இந்தப் பொருள் இனி வைத்திருப்பாளருக்கே சொந்தம். வாழ்த்துகள்!'